‘அகம்’ இசைக்குழுவும் நம் மாணவர்களின் விவாதக் கட்டுரையும்



சுங்கை பட்டாணிப் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற தவணையில் ஒரு விவாதக் கட்டுரை கொடுத்தேன். தலைப்பு இதுதான்: ‘நம் மரபிசையை மேற்கத்திய இசையோடு கலப்பது நன்மையே.’ சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து திருத்தினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போனது.

எழுத்துப்பிழை பற்றிச் சொல்லவில்லை. பாதிப்பேர், கலவை இசை ‘பண்பாட்டுச் சீரழிவு’ என்று எழுதியிருந்தார்கள். மீதிப்பேர் ‘உலக அரங்கில் நம் இசையைக் கொண்டு சேர்க்கும் பாலம்’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு அணியிலும் ஒரு குறை பொதுவாக இருந்தது. ஒரு கட்டுரையில்கூட ஒரு பாட்டின் பெயர் இல்லை, ஒரு குழுவின் பெயர் இல்லை, ஒரு கருவி எப்படி ஒலிக்கிறது என்று ஒரு வரி இல்லை. கேட்காத இசைக்கு எல்லாருமே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

அந்த வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். பீடோங் பக்கம் தோட்டத்தில் பிறந்து, இப்போது தாமானில் குடியிருக்கும் குடும்பம். கோயில் திருவிழாவென்றால் உறுமி மேளக் குழுவில் அவன்தான் உறுமி. அவன் கட்டுரையின் முதல் வரி, நம் மரபிசை என்பது கர்நாடக இசை என்று தொடங்கியது. கூப்பிட்டுக் கேட்டேன்.

“நீ உறுமி அடிக்கிறியே, அது என்ன இசைப்பா?”

“அது சும்மா கோயில்ல அடிக்கிறது டீச்சர். அதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா?”

இந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கலவை இசையை எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிச் சான்றோடு எழுதுவது என்பதை ஒரு குழுவை, முக்கியமாக அதன் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கடைசியில் அந்தப் பையனின் கேள்விக்கும் வருவோம்.

குழு அறிமுகம்

‘அகம்’ பெங்களூரைச் சேர்ந்த இசைக்குழு. 2003-ஆம் ஆண்டு தொடங்கியது. முன்னணிப் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன், வயலினும் வாசிப்பார். கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், நம் நாட்டுத் தாளக்கருவிகள் எல்லாம் சேர்ந்த அணி. தொடக்கத்தில் இவர்களில் பெரும்பாலோர் பகலில் கணினித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர்கள். ஏ.ஆர்.ரஹ்மான் தொடர்பில் சன் தொலைக்காட்சியில் நடந்த ‘ஊ லலலா’ இசைக்குழுப் போட்டியில் வென்ற பிறகு பலருக்கும் தெரிய வந்தார்கள். 2012-இல் முதல் இசைத்தொகுப்பும், 2017-இல் ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ என்ற தொகுப்பும் வந்தன. தங்கள் இசையைக் ‘கர்நாடக முற்போக்கு ராக்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

குழுவின் பெயரைக் கவனியுங்கள். அகம், புறம் என்று இலக்கிய வகுப்பில் நாம் படிக்கும் அதே சொல். முதல் தொகுப்பின் ஆங்கிலத் தலைப்புக்கும் ‘உள்மனம் விழிக்கிறது’ என்பதுதான் பொருள். ஆகவே நாம் இவர்களை அளக்க வேறு அளவுகோல் தேடவேண்டாம். இவர்கள் இசையில் அகம் இருக்கிறதா, வெறும் புறம்தான் இருக்கிறதா? பெயரே கேள்வியைக் கொடுத்துவிடுகிறது.

கலப்பது புதிதா?

பாட்டுக்குள் போகுமுன் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். ‘தூய்மையான நம் இசையில் இப்போதுதான் கலப்படம் வந்தது’ என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

வயலின் மேல்நாட்டுக் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் அதை ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை வளர்த்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் காண்பது அரிது. அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ, ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். ‘நோட்டுஸ்வரம்’ என்ற பெயரில் அவை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன.

நம் கெடாவையே பாருங்கள். அலோர் ஸ்டாரில் பாலாய் நோபாட் கோபுரம் இருக்கிறது. அரச விழாக்களில் முழங்கும் நோபாட் குழுவில் ‘செருனாய்’ என்ற ஊதுகருவி உண்டு. பாரசீகப் பெயர், மலாய் அரண்மனை மேடை, நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி! சோழர் காலத்துக் கடாரம், பூஜாங் பள்ளத்தாக்கு என்று பேசும் நாம், இந்த மண்ணில் கலப்பு நடந்து எவ்வளவு காலமாகிறது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

ஆக, ‘கலக்கலாமா?’ என்ற கேள்வி காலங்கடந்தது. ‘எப்படிக் கலந்திருக்கிறார்கள்?’ என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டு வகையாகக் கலக்கலாம். ஒன்று, கறிவேப்பிலை மாதிரி. வாசனைக்குப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது எடுத்து ஓரமாக வைப்பது. 1965-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘நார்வீஜியன் வுட்’ பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசித்தார். பாட்டு அழகுதான். ஆனால் சித்தாரை எடுத்துவிட்டுக் கிட்டாரில் அதே மெட்டை வாசித்தாலும் பாட்டு நிற்கும். இது ஹாரிசனுக்கே போதவில்லை போலும். அடுத்த ஆண்டே ரவிசங்கரிடம் முறையாகக் கற்கப் போனார்.

இன்னொன்று, மாவும் உளுந்தும் சேர்ந்து புளிப்பது மாதிரி. புளித்தபின் இரண்டையும் பிரிக்க முடியாது. 1970-களில் ஜான் மெக்லாக்லின், எல்.சங்கர், ஜாகிர் உசேன், ‘விக்கு’ விநாயக்ராம் சேர்ந்த ‘சக்தி’ குழு அப்படி. வளைந்த சுரங்களைப் பிடிப்பதற்காக மெக்லாக்லின் தன் கிட்டாரின் கட்டைகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கி வாங்கினார். இசைக்காகக் கருவியே தன் உடம்பை மாற்றிக்கொண்டது! இந்தக் குழுவின் ‘திஸ் மோமென்ட்’ தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருது கிடைத்தது. ஆனால் சக்தியில் டிரம்ஸ் கிடையாது, ராக் முழக்கமும் கிடையாது. அந்த முழக்கத்தோடு மோதிப் பார்த்தவர்கள் ‘அகம்’ போன்ற பின்வந்த குழுக்கள்தான்.

எடுத்துக்கொண்ட பாட்டு

‘அகம்’ முதல் தொகுப்பில் ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ என்று ஒரு பாட்டு. தியாகராஜரின் (1767–1847) ‘பண்டுரீதி கொலு’ என்ற தெலுங்குக் கீர்த்தனையே அது. இராகம் அம்சநாதம். அம்சம் என்றால் அன்னம். ஆங்கிலத் தலைப்பில் அன்னப்பறவை வந்ததன் காரணம் அதுதான்.

வகுப்பில் முதலில் இதை ஒரு கச்சேரி வித்துவான் பாடியபடி போட்டேன். பிறகு ‘அகம்’ பாடியதைப் போட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், “டீச்சர், ரெண்டாவது பெஸ்ட்டா இருக்கு. மொதல்ல போட்டது தூக்கம் வருது” என்றான். முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி, “எனக்கு மொதல்ல போட்டதுதான். ரெண்டாவது மண்டைய இடிக்குது” என்றாள். நல்லது. ரசனை தொடங்கிவிட்டது. ஆனால் ‘பெஸ்ட்’, ‘இடிக்குது’ என்பதோடு நின்றால் அது திறனாய்வாகாது. ஏன் என்று கேட்கவேண்டும்.

எங்கே பொருந்துகிறது?

முதலில் சுருதி. கச்சேரியில் தம்புரா என்ன செய்கிறது? சட்சமம், பஞ்சமம் இரண்டையும் மீட்டிக்கொண்டே இருக்கிறது. ராக் கிட்டார்காரர் கனமான ஒலிக்கு என்ன வாசிக்கிறார்? பெரும்பாலும் ‘பவர் கார்டு’. அதுவும் ஆதார சுரமும் அதன் பஞ்சமமும்தான். ஒலியைச் சிதறடித்து முழக்கும்போது இடையிலுள்ள காந்தாரத்தையும் சேர்த்தால் கலங்கிப்போகும் என்று விட்டுவிடுவார்கள்.

இப்போது அம்சநாதத்தைப் பாருங்கள். இன்று பாடப்படும் முறையில் அதன் சுரங்கள் ச, ரி, ம, ப, நி மட்டும். காந்தாரம் இல்லை! மேல்நாட்டு முறையில் ஒரு கார்டு மகிழ்ச்சியானதா சோகமானதா என்று பெரிதும் முடிவு செய்வதே அந்தக் காந்தாரம்தான். இராகத்திலும் அது இல்லை, பவர் கார்டிலும் அது இல்லை. இரண்டு பக்கமும் ஒரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அதனால்தான் கிட்டார் முழங்கும்போதும் இராகத்தின் முகம் மாறுவதில்லை. சத்தம் கூடிய தம்புரா என்றே கிட்டாரைக் கேட்கலாம். ஜாஸ், சினிமா மெல்லிசை போன்றவை அடுக்கடுக்காகச் சுரங்களைச் சேர்த்துக் கார்டு போடும். அங்கே இப்படிப்பட்ட இராகம் தன் சாயலை இழக்கும் ஆபத்து அதிகம். மிகவும் முரட்டு இசை என்று நாம் நினைக்கும் ராக், இந்த ஒரு விஷயத்தில் கர்நாடக இசைக்குப் பக்கத்து வீடு.

இரண்டாவது கமகம். நம் இசையில் சுரம் குச்சி மாதிரி நிற்பதில்லை; அசையும், வளையும், வழுக்கும். கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே வழி இல்லை. வயலினில் கட்டைகளே இல்லை, விரல் வழுக்கலாம். மின்கிட்டாரில் கட்டைகள் உண்டு, ஆனால் கம்பியை விரலால் இழுத்து வளைக்கலாம். ஒலியும் சட்டென்று அடங்காமல் நீண்டு நிற்கும். பாடகரின் குரலுக்கு அருகில் வயலினும், வயலினுக்கு அருகில் கிட்டாரும் வர முடிவது இதனால்தான்.

மூன்றாவது தாளம். இந்தக் கீர்த்தனை எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், தேசாதி என்ற எடுப்பில் அமைந்தது. அதாவது தாளம் தட்டி ஒன்றரை எண்ணிக்கை கழிந்த பிறகே பாட்டு எடுக்கும். ராக் தாளத்தில் நான்கு எண்ணிக்கை. இரண்டாவதிலும் நான்காவதிலும் டிரம்ஸ் அழுத்தி விழும். இரண்டு நான்கு சேர்ந்தால் எட்டு, கணக்கு இடிக்காது. இது ஏட்டுக் கணக்குதான். இதை உடம்பால் உணர வகுப்பில் செய்து பாருங்கள். பாதிப்பேர் ஆதி தாளம் போடட்டும், பாதிப்பேர் இரண்டிலும் நான்கிலும் கைதட்டட்டும், ஒருவர் ஒன்றரை தள்ளி எடுத்துப் பாடட்டும். முதல் இரண்டு தடவை கலகலத்துப் போகும். மூன்றாவது தடவை பிடிபட்டதும் வகுப்பே சிரிக்கும். பாட்டு தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொள்வது போன்ற துடிப்பு அதில் கிடைக்கும். கலவை ‘வேலை செய்கிறது’ என்று எழுத இதுவே சான்று.

எங்கே இடறுகிறது?

இனி மறுபக்கம். சாகித்தியத்துக்கு வருவோம். இந்தக் கீர்த்தனை என்ன சொல்கிறது? தியாகராஜர் இராமனிடம் ஒரு வேலை கேட்கிறார். அவன் கொலுவில் காவல் நிற்கும் சேவகன் வேலை. பக்தியால் உண்டாகும் புல்லரிப்பே தனக்குக் கவசம், இராமன் அடியான் என்பதே தன் அடையாள முத்திரை, அவன் நாமமே கையிலிருக்கும் வாள் என்கிறார். காமம், கர்வம் முதலிய உட்பகைகளை வீழ்த்தும் காவல்காரனாகத் தன்னைக் கற்பனை செய்கிறார்.

இதை வகுப்பில் விளக்கியதும் நம் உறுமிக்காரப் பையன் கேட்டான், “டீச்சர், இது ஜாகா வேலை கேக்குற பாட்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “எங்க தாத்தா ஃபேக்டரியில ஜாகாவா இருந்தாரு டீச்சர். தோட்டத்த வித்ததுக்கு அப்புறம், வேல கேட்டு ஆபீஸ் வாசல்ல நின்னாராம்” என்றான்.

வகுப்பு அமைதியானது. எனக்கும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. இருபது ஆண்டாக இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு மனிதன் வாசலில் கைகட்டி நிற்கிறான் என்பது அன்றுதான் உறைத்தது. பெரட்டுக்கு நின்ற தலைமுறையின் பேரன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது ‘அகம்’ பாட்டை மறுபடி கேட்டோம். கவசம், வாள், பகையை வீழ்த்தும் வீரம் என்ற பாதிக்குக் கனத்த கிட்டாரும் டிரம்ஸும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. சாதாரணக் கச்சேரியில் நாம் மறந்துபோகும் போர்வீரனை இவர்கள் எழுப்பி நிறுத்துகிறார்கள். அதற்காக இவர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் இன்னொரு பாதி? வேலை கேட்டு நிற்பவனின் குழைவு, ‘கொடுப்பாயா’ என்ற ஏக்கம்? எல்லாக் கருவிகளும் முழு வேகத்தில் எழும்போது, குரல் அவற்றைத் தாண்டி நிமிர்ந்து நிற்கவேண்டியிருக்கிறது. நிமிர்ந்த குரலில் நுண்ணிய அசைவுகள் கரைகின்றன. கெஞ்ச வேண்டிய இடத்தில் அறைகூவல் கேட்கிறது. வேலை கேட்டு வந்தவன் வேலை கிடைத்துவிட்டவன் மாதிரி பேசுகிறான்.

தாளக்கருவியிலும் ஒரு இழப்பு உண்டு. மிருதங்கக்காரர் பாடகரின் ஒவ்வொரு சங்கதிக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருவார்; குரல் தணிந்தால் தானும் தணிவார். ராக் டிரம்ஸின் முதல் கடமை அடியை விடாமல் பிடித்து வைப்பது. ஒன்று உரையாடல், மற்றது முதுகெலும்பு. முதுகெலும்பு பலமாகும்போது உரையாடல் குறையத்தான் செய்கிறது.

தலைப்பையும் சொல்லவேண்டும். ‘சரஸ்வதியின் அன்னங்கள்’ என்பது இராகத்தின் பெயரிலிருந்து பிறந்த அழகான பெயர். ஆனால் பாட்டில் வாசலில் நிற்கும் சேவகனை அது மறைத்துவிடுகிறது. தெலுங்கு தெரியாத கேட்பவருக்குச் சாகித்தியத்தின் வாசல் முற்றாகச் சாத்தப்படுகிறது.

இங்கே மொழி பற்றிய கேள்வியும் எழும். குழுவின் பெயர் ‘அகம்’. புகழ்பெற்ற உருப்படிகள் பலவும் தெலுங்கு, சமஸ்கிருதம். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்திலிருந்து நாம் கேட்டுவரும் கேள்விதான் இது. ஒரு குழு எந்த மொழியில் பாடவேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. ஆனால் பொருள் புரியாதபோது எது குறைகிறது என்று சுட்டிக்காட்டலாம். அதுவும் திறனாய்வின் வேலைதான்.

என் தீர்ப்பு இது: இசையளவில் இது கறிவேப்பிலை அன்று, புளித்த மாவுதான். இராகமும் தாளமும் ராக் இசைக்குள் உண்மையாகவே குடியேறியிருக்கின்றன. பொருளளவில் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். சத்தம் அடங்கும் இடங்களில், வயலினும் குரலும் தனியே நிற்கும்போது, அகம் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து எழும்போது புறம் வென்றுவிடுகிறது. இந்தத் தீர்ப்பை நீங்கள் மறுக்கலாம். மறுத்தால் பாட்டிலிருந்து சான்று காட்டுங்கள். எனக்கு மகிழ்ச்சிதான்.

உறுமிக்காரப் பையனின் கேள்வி

“அதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா?” என்று கேட்டானே, அதற்கு வருவோம்.

கலவை இசை என்றதும் ஏன் வீணை, வயலின், மிருதங்கம் மட்டும் மரபு என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள்? நாம்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தோம். பாடநூலில் வந்தால் மரபு, தோட்டத்துக் கோயிலில் அடித்தால் ‘சும்மா’. ஆனால் சற்று முன் சொன்ன அதே அளவுகோலை உறுமிக்கு வைத்துப் பாருங்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அடி விழுவதில்லை; ஒலி உறுமிக்கொண்டே வழுக்கி ஏறி இறங்குகிறது. தோல்கருவியில் கமகம்! மின்கிட்டார்காரர் கம்பியை இழுத்து வளைத்துத் தேடுவதும் இப்படிப்பட்ட ஒலியைத்தான்.

இதை நான் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை நினைவில் கொள்ளுங்கள். இயக்குநர் பா.ரஞ்சித் முன்னெடுப்பில், டென்மாவின் இசையில், கானாவும் பறையும் ராக், ராப் இசையோடு சேர்ந்தன. கச்சேரி மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருவிகள் நடுவில் வந்து நின்றன. பாட்டு தமிழில், அதுவும் பேச்சுத் தமிழில். பொருள் புரியவில்லை என்ற குறைக்கு அங்கே இடமே இல்லை. நமக்குப் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு வேத, உபநிடத மந்திரங்களை மெட்டல் இசையில் முழக்கியது.

நம் பக்கத்து மக்களுக்கு ராக் அந்நியமும் அல்ல. 1989-இல் ‘சர்ச்’ குழுவின் ‘இசபெல்லா’ வெளிவந்த காலத்தில் எந்த வீட்டு வானொலியில் அது ஒலிக்கவில்லை? தோட்டத்து இளைஞர்கள் ஐந்தடிக்குக் கிட்டார் வைத்துக்கொண்டு மலாய் ராக் பாட்டுப் பாடியதை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். பினாங்கின் ‘அல்லிகேட்ஸ்’ குழுவில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டார்கள். ஒரு காதில் உறுமி, மறு காதில் கிட்டார் என்று வளர்ந்தவர்கள் நாம். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் தகுதி நம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதை நாம் சொல்லவில்லை. அதுதான் குறை.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இரண்டு பாடவேளையில் இதைச் செய்யலாம்.

முதல் பாடவேளை: ஒரே பாட்டின் மரபு வடிவத்தையும் கலவை வடிவத்தையும் கேட்கச் செய்யுங்கள். பொருளை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் கீழ்க்காணும் ஐந்து கேள்விக்கும் ஒவ்வொரு வரி எழுதட்டும்.

1. எந்தெந்தக் கருவி கேட்கிறது? எது முன்னே, எது பின்னே?
2. ஒரு கருவியை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா, விழுமா?
3. குரல் எங்கே குழைகிறது, எங்கே நிமிர்கிறது?
4. தாளம் பாட்டுக்குத் துணை போகிறதா, பாட்டை இழுத்துக்கொண்டு போகிறதா?
5. பொருள் தெரிந்தபின் மறுபடி கேட்டால் உங்கள் கருத்து மாறியதா?

இரண்டாம் பாடவேளை: கட்டுரை. மாணவர்களே, இதைக் கவனத்தில் வையுங்கள். வாதக் கட்டுரையானால் ஒரு பக்கம் நின்று நிறுவுங்கள். விவாதக் கட்டுரையானால் இரு பக்கமும் சொல்லி முடிவுக்கு வாருங்கள். எதுவானாலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சான்று வேண்டும். ‘கலவை இசை மரபை அழிக்கிறது’ என்பது வெறும் கூற்று. ‘டிரம்ஸ் முழங்கும் இடத்தில் குரலின் குழைவு மறைவதால், பணிவைச் சொல்லும் பாடல் அறைகூவலாக மாறிவிடுகிறது’ என்பது திறனாய்வு. முதல் வரியை யார் வேண்டுமானாலும் மனனம் செய்யலாம். இரண்டாவதைக் கேட்டவர் மட்டுமே எழுத முடியும். திருத்துபவருக்கு அந்த வேறுபாடு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பயன்படுத்தத் தக்க சொற்கள்: சுருதி (பாட்டின் ஆதார ஒலி), கமகம் (சுரத்தின் அசைவு), எடுப்பு (தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம்), சங்கதி (ஒரே வரியை வேறுவேறாக விரித்துப் பாடுவது), சாகித்தியம் (பாட்டின் சொற்பகுதி), சீவாளி (ஊதுகருவியின் நாக்கு).

அந்தப் பையன் கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தான். முதல் பத்தியில் உறுமியைத் தேய்க்கும் குச்சி எப்படி வளைந்திருக்கும், கை எங்கே அழுத்தும், ஒலி எப்படி ஏறும் என்று ஐந்து வரி. இரண்டாம் பத்தியில் ‘அகம்’ பாட்டு. மூன்றாவதில், தாத்தா வேலை கேட்டு நின்ற வாசலைப் பற்றி, அந்தக் காவல்காரன் மெதுவாகப் பேசியிருக்க வேண்டும் என்று ஒரு வரி. ‘ர’, ‘ற’ இரண்டிடத்தில் மாறியிருந்தது. சிவப்பு மையால் வட்டமிட்டேன். புள்ளி போடுவதற்குமுன் இன்னொரு தடவை வாசித்தேன். நான் எழுதியிருக்கும் இந்தத் திறனாய்வைவிட அது நன்றாகவே இருந்தது.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். கேட்டுப் பாருங்கள்.